சொட்டா, ஊசியா? இளம்பிள்ளை வாதத் தடுப்பில் எழுபது ஆண்டு விவாதம்

இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோவைத் தடுக்க இரண்டு மருந்துகள் உள்ளன. ஒன்று, கொல்லப்பட்ட கிருமியைக் கொண்ட ஊசி. மற்றொன்று, வீரியம் குறைக்கப்பட்டாலும் உயிரோடிருக்கும் கிருமியைக் கொண்ட வாய்வழிச் சொட்டு. முதலாவது 1955இலும் இரண்டாவது 1960களின் தொடக்கத்திலும் பயன்பாட்டுக்கு வந்தன. இரண்டுமே வேலை செய்கின்றன என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. எதை, எங்கே, எத்தனை காலத்துக்குத் தருவது என்பதில்தான் எழுபது ஆண்டுகளாகியும் விவாதம் ஓயவில்லை. ஸ்வீடனும் ஃபின்லாந்தும் ஊசியை மட்டும் நம்பின. சோவியத் ஒன்றியமும் கியூபாவும் சொட்டைத் தேர்ந்தெடுத்தன. அமெரிக்கா ஊசியில் தொடங்கிச் சொட்டுக்கு மாறி, 2000ஆம் ஆண்டில் மீண்டும் ஊசிக்கே திரும்பியது. இந்தியா சொட்டைக் கொண்டே நோயை விரட்டிவிட்டு, இன்று இரண்டையும் சேர்த்துத் தருகிறது.

இந்த முடிவுகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஆய்வும் தர்க்கமும் இருந்தன. அவை ஏன் ஒன்றோடொன்று முரண்பட்டன, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தடுமாறியது, இன்னும் விடை கிடைக்காதவை எவை என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

கண்ணுக்குத் தெரியாத பெரும்பகுதி

விவாதத்தைப் புரிந்துகொள்ள முதலில் நோயின் இயல்பைப் பார்க்க வேண்டும். போலியோ வைரஸ் மனிதரிடம் மட்டுமே இயற்கையாகத் தங்கிப் பரவுகிறது. அதில் மூன்று வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிராகப் பெற்ற ஆற்றல் மற்ற இரண்டிலிருந்தும் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது. தொற்றியவரின் மலத்தில் கிருமி வாரக்கணக்கில் வெளியேறுகிறது. அசுத்தமான கை, நீர், உணவு வழியாக அடுத்தவர் வாய்க்குப் போகிறது. சுகாதார வசதி மேம்பட்ட ஊர்களில் தொண்டை வழிப் பரவலுக்கும் பங்குண்டு.

தொற்றுக்கு ஆளாகும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. சிலருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்து போகும். ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு மட்டுமே கிருமி தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்களைத் தாக்கி, கை கால்களை நிரந்தரமாக முடக்குகிறது. அப்படி முடங்கியவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினர் மூச்சுத் தசைகள் செயலிழந்து இறக்கிறார்கள். முடக்கத்தைக் குணப்படுத்த இன்றுவரை மருந்தில்லை.

இந்த 200க்கு 1 என்ற விகிதமே எல்லாச் சிக்கலுக்கும் வேர். பெரியம்மை கண்டவரின் உடம்பே நோயை அறிவித்துவிடும். அவரைச் சுற்றியிருப்போருக்குத் தடுப்பூசி போட்டால் போதும். போலியோவில் ஒரு குழந்தையின் கால் துவளும்போது, அதே பகுதியில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் கிருமியைச் சுமந்து நடமாடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஒரு தடுப்பு மருந்திடம் இரண்டு வேலைகளை எதிர்பார்க்கலாம். ஒன்று, தொற்றிய குழந்தையை முடக்கத்திலிருந்து காப்பது. மற்றொன்று, குழந்தையின் குடலில் கிருமி பெருகிப் பிறருக்குப் பரவுவதைத் தடுப்பது. இரண்டையும் ஒரே மருந்து ஒரே அளவில் செய்யும் என்று எதிர்பார்த்ததில்தான் பல குழப்பங்கள் தொடங்கின.

மூக்கா, குடலா?

இந்த விவாதத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1908இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் எர்வின் பாப்பரும் இந்நோய்க்குக் காரணம் வடிகட்டியில் சிக்காத நுண்கிருமி என்று காட்டினார்கள். அதற்கு முன்பே, 1905இல் ஸ்வீடனில் பரவிய நோயை ஊர் ஊராக ஆராய்ந்த ஐவர் விக்மன், இது தொற்றுநோய் என்றும், முடக்கம் வராதவர்களும் இதைப் பரப்புகிறார்கள் என்றும் கண்டுசொன்னார். 1912 வாக்கில் கார்ல் கிளிங் தலைமையிலான ஸ்வீடன் ஆய்வாளர்கள் நோயாளிகளின் குடலிலும் கிருமியைக் கண்டார்கள்.

ஆனால் அடுத்த கால் நூற்றாண்டில் கோலோச்சியது வேறொரு கருத்து. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் சைமன் ஃபிளெக்ஸ்னர் ரீசஸ் குரங்குகளை வைத்து ஆய்வு நடத்தினார். இவ்வகைக் குரங்குகளுக்கு வாய்வழியே கிருமியைக் கொடுத்தால் எளிதில் தொற்றாது; மூக்கில் விட்டால் நோய் வரும். குரங்கின் மூளை வழியாகவே திரும்பத் திரும்பக் கடத்தப்பட்டதால் அந்தக் கிருமியும் நரம்புத் திசுவுக்கே பழகிப்போயிருந்தது. மூக்கின் வழியாக நேரே நரம்புக்குள் புகும் நோய் இது என்ற முடிவுக்கு மருத்துவ உலகம் வந்தது. அதன் விளைவாக, 1937இல் டொராண்டோவில் சுமார் 5,000 குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட் கரைசலைத் தெளித்துப் பார்த்தார்கள். நோய் குறையவில்லை, சில குழந்தைகளுக்கு மோப்ப உணர்வு போனதுதான் மிச்சம்.

இந்தப் பிழை பயனுள்ள தடுப்பு மருந்தைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். கிருமி இரத்தத்தைத் தொடாமல் நேராக நரம்புக்குப் போகிறது என்றால், இரத்தத்தில் எதிர்ப்பாற்றலை உண்டாக்கும் மருந்தால் பயனில்லை அல்லவா? 1949இல் ஜான் எண்டர்ஸ், தாமஸ் வெல்லர், ஃபிரெடரிக் ராபின்ஸ் மூவரும் நரம்பல்லாத திசுக்களிலேயே கிருமியை வளர்த்துக் காட்டினார்கள்; இதற்காக 1954இல் நோபல் பரிசும் பெற்றார்கள். 1952இல் டாரத்தி ஹார்ஸ்ட்மனும் டேவிட் போடியனும் தனித்தனியே நடத்திய ஆய்வுகளில், முடக்கம் வருமுன் கிருமி சில நாட்கள் இரத்தத்தில் இருப்பதைக் கண்டார்கள். குடலிலிருந்து இரத்தம், இரத்தத்திலிருந்து நரம்பு என்று கிருமியின் பாதை தெளிவானது. அந்தப் பாதையின் எந்தக் கட்டத்தில் அதை மறிப்பது என்பதில்தான் இரு தரப்பும் பிரிந்தன.

இரத்தத்தில் மறிப்பது: சால்க்கின் விடை

ஜோனஸ் சால்க் இரண்டாம் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். மூன்று வகைக் கிருமிகளையும் குரங்கின் சிறுநீரகத் திசுவில் வளர்த்து, ஃபார்மலினால் கொன்று, ஊசி வழியே செலுத்துவது அவர் முறை. செத்த கிருமி நோயை உண்டாக்காது. உடம்போ அதை அடையாளம் கண்டு இரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்களை உற்பத்தி செய்துவிடும். 1954இல் தாமஸ் ஃபிரான்சிஸ் மேற்பார்வையில் அமெரிக்காவில் நடந்த கள ஆய்வில் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்றார்கள். முடக்கத்தைத் தடுப்பதில் மருந்து 80 முதல் 90 விழுக்காடு பலன் தருகிறது என்று 1955 ஏப்ரல் 12 அன்று அறிவித்தார்கள்.

மருந்து அனுமதி பெற்ற சில நாட்களிலேயே பெரும் இடி விழுந்தது. கட்டர் நிறுவனம் தயாரித்த சில தொகுதிகளில் கிருமி முழுமையாகச் சாகாமல் இருந்தது. அதனால் சுமார் 200 பேர் முடங்கினார்கள். 10 பேர் இறந்தார்கள். கொல்லும் முறையில் ஏற்பட்ட கோளாறு இது. உற்பத்திக் கண்காணிப்பு கடுமையாக்கப்பட்டதும் இது மீண்டும் நிகழவில்லை. என்றாலும் ஊசியின் மீதிருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

ஊசியின் வெற்றியை எண்ணிக்கையே சொல்லும். 1952இல் அமெரிக்காவில் 57,000க்கும் மேற்பட்டோரை நோய் தாக்கியிருந்தது. சொட்டு மருந்து பரவலாகாத 1961இல் அது சுமார் 1,300 ஆகக் குறைந்துவிட்டது. இருந்தும் மூன்று குறைகள் சுட்டிக்காட்டப்பட்டன. மருந்தின் விலை கூடுதல். பயிற்சி பெற்ற கைகள் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பாற்றல் குடலில் பெரிதாக வேலை செய்வதில்லை. ஊசி போட்ட குழந்தை முடங்காது. ஆனால் அதன் மலத்தில் கிருமி வெளியேறிப் பிறரைத் தொற்றக்கூடும்.

குடலில் மறிப்பது: சேபினின் விடை

ஆல்பர்ட் சேபின் முதல் கட்டத்திலேயே கிருமியை மறிக்க விரும்பினார். ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து, நரம்பைத் தாக்கும் திறனை இழந்த, ஆனால் குடலில் பெருகும் திறனை இழக்காத திரிபுகளை அவர் தெரிந்தெடுத்தார். வாய்வழிச் சொட்டை முதலில் மனிதரிடம் சோதித்தவர் ஹிலரி கொப்ராவ்ஸ்கி; அது 1950இல். ஆனால் உலகம் ஏற்றது சேபினின் திரிபுகளைத்தான். அமெரிக்காவில் ஏற்கெனவே பலருக்கு ஊசி போடப்பட்டிருந்ததால், பெரிய சோதனைக் களம் சோவியத் ஒன்றியத்தில் கிடைத்தது. பனிப்போர் உச்சத்திலிருந்த 1959–60இல் மிகாயில் சுமக்கோவ் அங்கே கோடிக்கணக்கானோருக்கு இந்த மருந்தைக் கொடுத்தார்.

சொட்டின் அனுகூலங்கள் தெளிவானவை. விலை மலிவு. ஊசியும் வேண்டாம், செவிலியரும் வேண்டாம். சிறிது பயிற்சி பெற்ற யாரும் இரண்டு சொட்டு விடலாம். குடலில் இயற்கைத் தொற்றைப் போன்ற எதிர்ப்பாற்றலை உண்டாக்கும். குழந்தையின் மலத்தில் வெளியேறும் மருந்துக் கிருமி வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பரவி, மருந்து பெறாதவர்களையும் ஓரளவு காக்கும். ஒரே நாளில் ஊர் முழுவதற்கும் கொடுத்தால் இயற்கையில் பரவும் ‘காட்டுக் கிருமி’க்குத் தங்க இடமில்லாமல் போகும். கியூபா 1962 முதலும் பிரேசில் 1980 முதலும் இந்த உத்தியைக் கையாண்டன. அமெரிக்கக் கண்டங்களில் இயற்கைக் கிருமியால் வந்த கடைசி நோய் 1991இல் பெருவில் பதிவானது.

ஆனால் உயிருள்ள கிருமி மாறும் இயல்புடையது. அது குடலில் பெருகும்போது, இழந்த வீரியத்தை மிக அரிதாகத் திரும்பப் பெறுகிறது. பல லட்சம் தவணைகளுக்கு ஒன்று என்ற அளவில் மருந்தே முடக்கத்தை உண்டாக்குகிறது. நோய் ஆயிரக்கணக்கில் இருந்த காலத்தில் இந்த அபாயம் பொருட்படுத்தத் தக்கதாகத் தோன்றவில்லை. அமெரிக்காவில் இயற்கை நோய் அற்றுப்போன பிறகு, ஆண்டுதோறும் ஏற்பட்ட சில முடக்கங்கள் அனைத்துக்கும் மருந்து ஒன்றே காரணமாக எஞ்சியது. அந்நாடு 2000இல் ஊசிக்குத் திரும்பியதன் காரணம் இதுவே.

ஊசி மட்டும் போதுமா?

ஊசியை மட்டும் நம்பிய நாடுகளின் அனுபவம் ஒரு பக்கமாகச் சாயவில்லை. ஸ்வீடனில் நோய் மறைந்தது. நெதர்லாந்தில் 1992–93இல் மத நம்பிக்கையின் பேரில் தடுப்பூசியை மறுத்த சமூகத்தினரிடையே நோய் பரவி 71 பேரைத் தாக்கியது; ஊசி போட்டிருந்த பெரும்பான்மை மக்களிடையே அது பரவவில்லை. பொதுச் சுகாதாரம் நன்றாக உள்ள நாட்டில் ஊசியே பரவலையும் கணிசமாகக் கட்டுப்படுத்தும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள்.

ஃபின்லாந்தின் கதை வேறு. இருபது ஆண்டுகளாக நோயில்லாதிருந்த அந்நாட்டில் 1984இல் மூன்றாம் வகைக் கிருமி தலைகாட்டியது. அங்குப் பயன்படுத்திய ஊசியில் அந்த வகைக்கு எதிரான ஆற்றல் குறைவாக இருந்ததே முக்கியக் காரணம். பரவலை நிறுத்தச் சொட்டு மருந்தும் கொடுக்கப்பட்டது.

இவற்றைவிடத் துலக்கமான சான்று இஸ்ரேலிலிருந்து வந்தது. அந்நாடு 2005 முதல் ஊசியை மட்டும் கொடுத்துவந்தது. 2013இல் தென்பகுதியிலுள்ள ராஹத் நகரின் கழிவுநீரில் காட்டுக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. மாதக்கணக்கில் அது பரவிக்கொண்டிருந்தும் ஒரு குழந்தைகூட முடங்கவில்லை. முடக்கத்தைத் தடுப்பதில் ஊசி முழு வெற்றி பெற்றதும், பரவலைத் தடுப்பதில் தோற்றதும் ஒரே நிகழ்வில் தெரிந்தன. கழிவுநீரைச் சோதிக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

வேலூரில் எழுந்த ஐயம்

சொட்டு மருந்துக்கு எதிரான வலுவான அறிவியல் கேள்வி தமிழ்நாட்டிலிருந்து எழுந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டி. ஜேக்கப் ஜானும் அவரது குழுவினரும், மேலை நாடுகளில் மூன்று தவணைகளில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் காக்கும் மருந்து இங்குள்ள குழந்தைகளில் பலருக்கு எதிர்ப்பாற்றலைத் தருவதில்லை என்று 1972இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். மருந்து வெயிலில் கெட்டுவிட்டது என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாதபடி ஆய்வு நடந்திருந்தது. இரண்டு வழிகளை ஜேக்கப் ஜான் முன்வைத்தார்: ஒன்று, தவணைகளை அதிகரித்து, ஒரு வட்டாரத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுப்பது, மற்றொன்று, ஊசியைச் சேர்த்துக்கொள்வது. முதல் வழியை நாடு பின்னாளில் ஏற்றது. இரண்டாவதுக்கு 2015 வரை காத்திருக்க நேர்ந்தது.

சொட்டு ஏன் வெப்ப நாடுகளில் சோர்கிறது? குழந்தையின் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் வேறு வைரஸ்கள் மருந்துக் கிருமியை வளரவிடுவதில்லை என்பது ஒரு விளக்கம். ஓயாத வயிற்றுப்போக்கு, ஊட்டச்சத்துக் குறைவு, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்கள், நெரிசலிலும் அசுத்தத்திலும் வளர்வதால் குடற்சுவரில் ஏற்படும் நாட்பட்ட அழற்சி என்று வேறு விளக்கங்களும் உண்டு. வேலூர்ப் பகுதியிலேயே நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தைகளுக்கு முதலில் அசித்ரோமைசின் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களைக் குறைத்துவிட்டுச் சொட்டு விட்டார்கள். பாக்டீரியாக்கள் குறைந்தன, எதிர்ப்பாற்றல் கூடவில்லை. வைரஸ்களின் குறுக்கீட்டுக்குச் சான்று சற்று வலுவாக இருந்தாலும், எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்பது இன்னும் முடிவாகவில்லை.

இந்தியாவில் 1994இல் டெல்லியிலும் 1995 முதல் நாடு முழுவதும் சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. ஒவ்வொரு தேசியத் தடுப்பு மருந்து நாளிலும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் சுமார் 17 கோடிக் குழந்தைகளைச் சந்தித்தார்கள். பேருந்து நிலையங்களிலும் ரயில்களிலும்கூடக் குழுக்கள் நின்றன. மருந்து பெற்ற குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் மை வைத்தார்கள். எல்லாக் குழந்தைகளும் பெற்ற வீட்டுக் கதவில் ‘பி’ என்றும், விடுபட்ட வீட்டில் பெருக்கல் குறியும் சாக்கட்டியால் எழுதினார்கள். குறியிட்ட வீடுகளுக்கு மறுபடி போனார்கள். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் வட்டத்துக்குள் ஒரு சிறு சதுரம் உண்டு. வெப்பம் படப்பட அது கறுக்கும்; வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட வேண்டியதுதான். எழுதப் படிக்கத் தெரியாத பணியாளரும் மருந்தின் தரத்தைக் கண்ணால் சோதிக்க இந்தச் சிறு ஒட்டு வழிசெய்தது.

தமிழ்நாட்டில் 2004க்குப் பிறகு நோய் இல்லை. உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் பத்துத் தவணைக்கு மேல் பெற்ற குழந்தைகளும் முடங்கினார்கள். உத்தரப் பிரதேசத்தில் முதல் வகைக்கு எதிராக, மூன்று வகைகளையும் கொண்ட மும்மருந்துச் சொட்டின் ஒரு தவணை தரும் பலன் 9 விழுக்காடு அளவே என்று 2006இல் வெளியான கணக்கீடு காட்டியது. மருந்திலிருந்த இரண்டாம் வகைக் கிருமி மற்ற இரண்டையும் அமுக்கியதும் இதற்குக் காரணம். 2005இல் ஒற்றை வகைச் சொட்டும், 2010இல் முதல், மூன்றாம் வகைகளை மட்டும் கொண்ட இருவகைச் சொட்டும் வந்தன. 2009இல் 741 ஆக இருந்த நோய் எண்ணிக்கை 2010இல் 42 ஆனது. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் முடங்கிய ஒரு சிறுமியோடு அது நின்றது. 2014 மார்ச் 27 அன்று இந்தியாவை உள்ளடக்கிய, உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய வட்டாரம் முழுவதும் போலியோ அற்றதாகச் சான்று பெற்றது.

இந்த வெற்றியை இரு தரப்பும் தத்தம் பக்கம் இழுப்பதுண்டு. சொட்டால் முடியும் என்பதை இந்தியா நிரூபித்தது என்பது ஒரு வாசிப்பு. மூன்று தவணையில் முடிய வேண்டியதற்குக் கணக்கற்ற தவணைகளும் மருந்தின் மறுவடிவமைப்பும் தேவைப்பட்டன, எனவே ஜேக்கப் ஜான் எழுப்பிய ஐயம் சரியே என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு.

ஒழிப்பா, கட்டுப்பாடா?

1988இல் உலக சுகாதாரப் பேரவை 2000ஆம் ஆண்டுக்குள் போலியோவை ஒழிப்பதென முடிவெடுத்தது. அப்போது 125க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுக்கு 3.5 லட்சம் பேர் முடங்குவதாக மதிப்பிட்டார்கள். இலக்கு ஆண்டு கடந்து கால் நூற்றாண்டு ஆகிறது. இரண்டாம் வகைக் காட்டுக் கிருமி ஒழிந்ததாக 2015இலும், மூன்றாம் வகை ஒழிந்ததாக 2019இலும் அறிவித்தார்கள். ஆப்பிரிக்கா 2020இல் காட்டுக் கிருமி அற்றதாகச் சான்று பெற்றது. முதல் வகை மட்டும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் விடாமல் தங்கியிருக்கிறது. 2021இல் உலகம் முழுவதும் 6 பேரைத் தாக்கிய அது, 2024இல் இவ்விரு நாடுகளில் 99 பேரைத் தாக்கியது.

பெரியம்மை ஒழிப்புக்குத் தலைமை ஏற்ற டொனால்ட் ஹெண்டர்சன் போலியோ ஒழிப்பைப் பற்றித் தொடர்ந்து ஐயம் தெரிவித்தவர். அவரோடு பணியாற்றிய இசாவோ அரிட்டாவும் 2006இல் இதே கேள்வியை எழுப்பினார். கடைசிச் சில நூறு நோயாளிகளுக்காகக் கொட்டும் பணத்தை வழக்கமான தடுப்பூசித் திட்டங்களுக்குச் செலவிட்டால் அதிக உயிர்கள் பிழைக்கும் என்பது இத்தரப்பின் வாதம். எதிர்த்தரப்பின் பதில்: கட்டுப்பாடு என்பது முடிவில்லாத செலவு, கை தளர்ந்தால் நோய் பழைய அளவுக்குத் திரும்பும். ஒழிப்புக்காக அமைத்த கண்காணிப்பு வலையும் ஆய்வகங்களும் மற்ற நோய்களுக்கும் பயன்பட்டிருக்கின்றன என்றும் அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

இரு வாதங்களிலும் ஒரு பலவீனம் உண்டு. நோய் தங்கியிருக்கும் இடங்களில் மருந்தின் தரம் இன்று முதன்மைத் தடையாக இல்லை. மக்களின் நம்பிக்கையின்மையும் அரசியலும்தான் தடை. 2003இல் வடநைஜீரியாவின் கானோ மாநிலத்தில், மருந்து மலடாக்கும் என்ற அச்சத்தில் முகாம்கள் நிறுத்தப்பட்டன; அங்கிருந்து கிருமி பல நாடுகளுக்குப் போனது. 2011இல் பின் லாடனைத் தேட அமெரிக்க உளவு நிறுவனம் அபோட்டாபாத்தில் போலித் தடுப்பூசி முகாம் நடத்தியது அம்பலமானது. அதன் பின் பாகிஸ்தானில் சொட்டு மருந்துப் பணியாளர்களும் காவலுக்குப் போனவர்களும் பலர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். இலங்கையில் போர்க்காலத்திலேயே இரு தரப்பும் மருந்து நாட்களில் சுட மாட்டோம் என்று ஒத்துக்கொண்டதும், அங்கே 1993க்குப் பிறகு நோய் பதிவாகாததும் எதிர்ப்பக்க உதாரணம்.

மருந்திலிருந்து பிறக்கும் நோய்

2000–01இல் ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் பகிர்ந்துகொள்ளும் தீவில் நோய் பரவியபோது, அந்தக் கிருமி சேபினின் மருந்திலிருந்தே உருவானது என்று மரபணுச் சோதனை காட்டியது. தடுப்பு மருந்து எல்லோருக்கும் போய்ச் சேராத சமூகத்தில் மருந்துக் கிருமி ஆள்மாறி ஆள்மாறி மாதக்கணக்கில் சுற்றும்போது, காட்டுக் கிருமியின் வீரியத்தைத் திரும்பப் பெறுகிறது. மருந்து பெற்ற குழந்தைக்கு அரிதாக வரும் முடக்கம் ஒன்று. இந்தப் பரவல் வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு, சொட்டே வேண்டாம் என்று முடிவுகட்டுவது பிழை. பரவலுக்குக் காரணம் மருந்து போதிய பேரைச் சேராததே.

இத்தகைய பரவல்களில் பெரும்பான்மை இரண்டாம் வகையால் வந்தது. இயற்கையில் அவ்வகை ஒழிந்துவிட்டதால், 2016 ஏப்ரலில் 155 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மும்மருந்துச் சொட்டைக் கைவிட்டு இருவகைச் சொட்டுக்கு மாறின. குறைந்தது ஒரு தவணை ஊசி போட்டு இடைவெளியை நிரப்புவது திட்டம். ஆனால் மாற்றத்துக்கு முன்பே சில இடங்களில் இரண்டாம் வகை மருந்துக் கிருமி பரவிக்கொண்டிருந்தது. ஊசிக்கும் தட்டுப்பாடு வந்தது. பரவலை அடக்க மீண்டும் இரண்டாம் வகைச் சொட்டே தேவைப்பட, அதுவே புதிய பரவல்களுக்கு வித்திட்டது. 2020இல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முடங்கினார்கள். 2024இல் வெளிவந்த ஒரு சுயேச்சை மதிப்பீடு இந்த மாற்றத்தைத் தோல்வியென்றே கணித்தது. அதே ஆண்டு காசாவில் கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு குழந்தை முடங்கியதற்கும் இவ்வகையே காரணம். 2022இல் லண்டன் கழிவுநீரிலும், நியூயார்க் மாநிலத்தில் தடுப்பூசி போடாத ஒருவரின் முடக்கத்திலும் இது வெளிப்பட்டது.

இதற்கு அறிவியல் தந்த விடை, மரபணுவைத் திருத்தி மீள்மாற்றத்தைக் கடினமாக்கிய புதிய இரண்டாம் வகைச் சொட்டு. 2021 முதல் பயன்பாட்டிலுள்ள இது, பழையதைவிட நிலையானது. அதிலிருந்தும் சில பரவல்கள் தோன்றியுள்ளன என்றாலும் மிகக் குறைவு. மற்றொரு விடை, இரண்டு மருந்துகளையும் சேர்ப்பது. ஏற்கெனவே சொட்டு பெற்ற குழந்தைக்கு ஓர் ஊசி போட்டால் குடலின் எதிர்ப்பாற்றல் மீண்டும் தூண்டப்படுகிறது என்று வேலூரிலும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாதிலும் நடந்து 2014இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஊசி குடலைக் காக்காது என்ற பழைய வாதத்தை இவை திருத்தின: சொட்டால் பழகாத குடலை ஊசி காக்காது, பழகிய குடலை விழிப்பூட்டும். முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கான 0.1 மில்லியைத் தோலுக்குள் போட்டாலே போதும் என்ற முறையை இந்தியா 2016இல் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரித்தது. இன்று இந்தியக் குழந்தை பிறந்தவுடனும் 6, 10, 14ஆம் வாரங்களிலும் சொட்டு பெறுகிறது. 6, 14ஆம் வாரங்களிலும் 9ஆம் மாதத்திலும் தோலிடை ஊசி போடப்படுகிறது. பழைய எதிரிகள் இருவரும் ஒரே அட்டையில் இடம்பிடித்துவிட்டார்கள்.

எஞ்சியிருப்பவை

எழுபது ஆண்டு அனுபவத்தைத் தொகுத்தால், ‘எது சிறந்த மருந்து’ என்ற கேள்விக்குப் பொது விடை இல்லை என்றே தோன்றுகிறது. கிருமி பரவலாக உள்ள ஊரில், சாக்கடை திறந்து கிடக்கும் இடத்தில், பரவலை நிறுத்தச் சொட்டுக்கு ஈடில்லை. கிருமி அற்ற நாட்டில் சொட்டின் சிறு அபாயமும் ஏற்கத்தக்கதல்ல. அங்கே ஊசியே பொருத்தம். சால்க்கும் சேபினும் முன்வைத்த விடைகள் நோயின் இரு வேறு கட்டங்களுக்குரியவை. ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்துக்கு எப்படிக் கடப்பது என்பதற்கு இருவரிடமும் விடை இல்லை. 2016இன் அனுபவம் அந்தக் கடத்தலே மிகக் கடினமான பகுதி என்று காட்டியிருக்கிறது.

தீராத கேள்விகள் குறைந்தது மூன்று. முதலாவது, இருவகைச் சொட்டையும் ஒருநாள் நிறுத்தியாக வேண்டும்; அதற்கு முன் எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை தவணை ஊசி போட்டிருக்க வேண்டும் என்பதில் கருத்தொற்றுமை இல்லை. இரண்டாவது, எதிர்ப்பாற்றல் குறைபாடுள்ள சிலர் மருந்துக் கிருமியை ஆண்டுக்கணக்கில் வெளியேற்றுகிறார்கள். பிரிட்டனில் ஒருவரிடம் இது 28 ஆண்டுகள் நீடித்தது. இவர்களுக்குக் கொடுக்க உறுதியான மருந்து இன்னும் வரவில்லை. மூன்றாவது, ஊசி தயாரிக்கவே பெருமளவில் உயிருள்ள கிருமி தேவை. ஆலையிலிருந்து அது கசியும் அபாயம் உண்டு. கிருமியே இல்லாமல் அதன் வெற்று ஓட்டை மட்டும் தயாரிக்கும் முயற்சிகள் ஆய்வுக் கட்டத்தில் உள்ளன.

பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் எல்லைப் பகுதியில் முதல் வகையை நிறுத்துவது மருந்தியலை மட்டும் சார்ந்ததல்ல என்பதால், ஒழிப்புக்குத் தேதி குறிப்பதில் எச்சரிக்கை தேவை. அதுவரை, நோய் மறைந்துவிட்ட நாடுகளுக்கும் இரண்டு கடமைகள் மிச்சமிருக்கின்றன: ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய தவணைகளைத் தவறாமல் போடுவது, கழிவுநீரைத் தொடர்ந்து சோதிப்பது. கால் முடங்கிய குழந்தை தென்படவில்லை என்பது கிருமி இல்லை என்பதற்குச் சான்றாகாது என்ற ஒன்றில் மட்டும் இன்று எல்லாத் தரப்பும் உடன்படுகின்றன.